கையால் சொன்ன கேலி

ஆன்செல் சகோதரர் கல்தரையில் குப்புறக் கிடந்தார். நாங்கள் நாற்பது துறவிகள் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

நேற்று மதியச் சாப்பாட்டில் சிரித்து, மூக்கு வழியாகக் கஞ்சியைப் பீய்ச்சியவர் அவர்தான். அதுவும் ஒரு புனிதரின் தலையை வெட்டுகிற இடத்தை வேறொரு சகோதரர் உருக்கமாக வாசித்துக்கொண்டிருந்தபோது.

எங்கள் மடத்தில் சாப்பிடும்போது பேசக் கூடாது. உப்பு, ரொட்டி எது வேண்டுமானாலும் கைச்சாடைதான். அந்தக் கையால் கேலி செய்து அடுத்தவரைச் சிரிக்க வைத்தால் பதினைந்து பிரம்படி, ஈஸ்டர் வரை திராட்சை மது கிடையாது. தவக்காலம் முழுக்க நாறிய மீனைத் தின்கிறவனுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். பாவம் ஆன்செல்!

குற்றம் சாட்டியவர் கோத்தியே என்ற சகோதரர். பிறந்ததிலிருந்து சிரிக்காத மனிதர். ஆன்செல் பக்கத்தில் ஒரு கை ஆடியதை எதிர் வரிசையிலிருந்து பார்த்தாராம். அது ஆன்செலின் கைதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"அப்படி என்னய்யா கேலி பண்ணான்? செஞ்சு காட்டு பாப்போம்" என்றார் மடாதிபதி.

கோத்தியே நடுவே வந்தார். முதலில் மூக்கைப் பொத்தினார். பிறகு உள்ளங்கையை ஆட்டினார். மீன் என்று அர்த்தம், பார்த்தால் தரை கூட்டுவதுபோல் இருந்தது. கடைசியில், செத்தவர்மேல் தீர்த்தம் தெளிக்கும் சாடை.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"சப்புன்னு இருக்கு. இதுக்கு எவன் சிரிப்பான்? குத்தம் ஒண்ணுமில்ல. எழுந்து போப்பா ஆன்செல்."

ஆன்செல் எழுந்தார். போகிற போக்கில், வாயைத் திறக்காதே என்று என்னைக் கண்ணால் கெஞ்சினார். தங்கமான மனிதர். நேற்றிலிருந்து என் பெயரைச் சொல்லாமல், எனக்காக அடிவாங்கக் கிடந்தவர்.

நானும் சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் சப்பென்று இருக்கிறதாமே! ஐயோ, மூன்று நாள் மண்டையைக் குடைந்து நான் செய்த கேலி அது. எனக்குத் தாங்கவில்லை.

நடுவே போய் நின்றேன்.

"சாமி, இவரு மொத்தத்தையும் கெடுத்துட்டாரு."

முதலில் மீன், வால் துள்ள. அடுத்து அதன்மேல் தீர்த்தம், கண்ணை மூடி, மிகுந்த பக்தியோடு. அதற்கப்புறம்தான், மெதுவாக, மூக்கு.

மண்டபமே வெடித்தது. கோத்தியேகூடத் தோள் குலுங்கத் திரும்பிக்கொண்டார்.

மடாதிபதி தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தண்டனை சொல்ல வாயெடுத்தார், பேச்சு வரவில்லை. கடைசியில் ஐந்து விரல்களை விரித்து மூன்று முறை காட்டினார்.