ஆறு மாச ரூல்

"நன்றி கெட்டவன்! சும்மாவே வேற டீமுக்குப் போய்ட்டான்!"

ஜவ்வாது மலைப் பள்ளியின் தாளாளர் சக்கரவர்த்தி, தானே ஒரு டீமை நடத்தும் செல்போன் ஃபுட்பால் கேமில் தன் கோல்கீப்பரைத் திட்டினார்.

எதிரில் நின்ற ஆசிரியை சசிகலா கேட்டாள்: "எப்டிங்க சார் போவான்?"

"காண்ட்ராக்ட் முடிய ஆறு மாசம் இருந்தாலே, நம்மளக் கேக்காம வேற டீமோட பேசலாமாம். இன்னா ரூல் இது!"

"முன்னாடியே புதுப்பிச்சிருக்கலாமே?"

"மூணு வாட்டி கேட்டான். 'பாக்கலாம்'னேன். நம்மள வுட்டு எங்க போய்டப் போறான்னு இருந்தேன்."

"நானும் மூணு வாட்டி கேட்டேங்க சார்."

ஆலங்காயம் பள்ளியொன்றில் வேலை கிடைத்த கடிதத்தை மேசைமேல் வைத்தாள். இங்கே அவளுடைய ஒப்பந்தம் நேற்றோடு முடிந்திருந்தது.

சக்கரவர்த்தி பதறி எழுந்தார். "பத்தாவதுக்கு இருக்கிற ஒரே கணக்கு டீச்சர் நீதாம்மா! இப்பவே புதுப்பிச்சித் தர்றேன், இரும்மா!"

"பாக்கலாங்க சார்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.