கால் மார்க்

பாப்பாரப்பட்டி கிளினிக்கில் பகல் பதினொரு மணி வெயில் காலி ஸ்டூலின் மேல் விழுந்து கிடக்கிறது. அதற்கு மூன்றடி தள்ளி நிற்கிறார் இண்டூர் கணக்கு வாத்தியார் சென்றாயன். முப்பது வருட சர்வீஸில் பெற்ற பிள்ளைக்குக்கூட நூற்றுக்கு நாற்பதைத் தாண்டிப் போடாத மகா கருமி. மூல நோய் அவரை மூன்று மாதமாக உட்காரவிடவில்லை. டாக்டர் நசீருதீன் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "வலிக்குப் பத்துக்கு எத்தன மார்க்குன்னு நீங்களே சொல்லுங்க சார். அஞ்சு வந்தா நாளைக்கே ஆபரேஷன், கொறஞ்சா களிம்புதான்," என்கிறார். "மூணு," என்கிறார் வாத்தியார். "நின்னுகிட்டே தூங்கற மனுசனுங்க இது!" என்று பதறுகிறாள் மனைவி தங்கம்மாள். "அப்ப உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க சார்," என்கிறார் டாக்டர்.

வாத்தியார் ஸ்டூலில் உட்காருகிறார். அந்த அலறலில் அலமாரி பாட்டில்கள் கிணுகிணுக்கின்றன. எங்கோ இருக்கும் கம்பைநல்லூர் மாடுகள்கூடக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும். துள்ளி எழுந்து வேர்வையைத் துடைத்தபடி, "நாலே முக்கால்," என்கிறார்.

"அஞ்சாக்கிடலாமுங்களா?" என்கிறார் டாக்டர்.

"கால் மார்க்குல எத்தன பேர ஃபெயிலாக்கியிருக்கேன்! எனக்கு மட்டும் சலுகையா?"

டாக்டர் களிம்பு எழுதுகிறார். தங்கம்மாள் பையை அக்குளில் இடுக்கிக்கொள்கிறாள். "வாங்க போலாம். பஸ்ஸுல உங்க சீட்டுலயும் நானே உக்காந்துக்கறேன்."