முந்தானை இருட்டு

தண்ணீரில் விஷம் இருந்தால் மருந்துத் துளி பச்சையாக ஒளிரும் என்று சோதிக்க வந்த பெண் சொன்னாள். அதைப் பார்க்க இருட்டு வேண்டும். வெயில் கொளுத்தும் அந்த வாசலில் இருட்டுக்கு எங்கே போவது? பொற்கொடி தன் முந்தானையை விரித்து இருவர் தலைக்கும் மேல் போர்த்தினாள். நாத்தனார் கொண்டுவந்து வைத்த டம்ளரில் துளி விழுந்தது. ஊதா டார்ச் எரிந்தது. தண்ணீர் இருண்டே கிடந்தது.

"பயப்படாதீங்கக்கா, நல்ல தண்ணி."

மூத்தவனைச் சிறுநீரகம் கெட்டுப் பறிகொடுத்தவளுக்கு மூச்சு வந்தது. கைக்குழந்தையாவது பிழைக்கும்.

"நல்லா இருக்காம்!" என்று பொற்கொடி நாத்தனாருக்குக் குரல் கொடுத்தாள்.

"இருக்காதா பின்ன? கேன் தண்ணியாச்சே," என்று வெளியே நாத்தனார் சிரித்தாள். "வீட்டுக்கு வந்த பொண்ணு முன்னால நம்ம போர் தண்ணிய வெச்சா மானம் போயிடாது?"

பொற்கொடி போய்ப் போர்க்குழாயில் தண்ணீர் பிடித்து வந்தாள். மறுபடியும் முந்தானை. டார்ச் பட்டதும் டம்ளருக்குள் பச்சை பொங்கியது. அந்தப் பெண்ணின் மூக்குத்தியும் பல்லும் கண்ணின் வெள்ளையும் பச்சையாயின. இத்தனை அழகான ஒன்றைப் பொற்கொடி அந்தத் தெருவில் பார்த்ததே இல்லை.

தொட்டிலில் குழந்தை பசித்து அழத் தொடங்கியது.

"நான் குடிக்கிறது பாலுக்கும் போவுமா பாப்பா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள் பொற்கொடி.

அவள் தொட்டிலைப் பார்த்தாள். பொற்கொடி அவள் பையிலிருந்து ஒரு புதுக் குப்பியை எடுத்தாள். ரவிக்கைக் கொக்கியைக் கழற்றி, அதில் கொஞ்சம் பால் பீய்ச்சி நீட்டினாள். அந்தப் பெண் துளியை விட்டாள். விரல் மட்டும் டார்ச்சின் பொத்தான்மேல் அப்படியே நின்றது.

"அழுத்தும்மா," என்றாள் பொற்கொடி.