டெஸ்மண்ட் போட்ட அப்பா வேஷம்

“முப்பது வருஷமா ஊர்ல இருக்கிறவங்க வாயையெல்லாம் திறந்து பார்த்தேனே, யாருக்காக? உனக்காக! நீ என்னடான்னா பல்லு வேண்டாம், படகு போதும்ங்கிற!”

இங்ரிட் தலையைக் குனிந்துகொண்டாள். உதடு துடித்தது. அடுத்த நொடி குபீரென்று சிரித்துவிட்டாள்.

“சிரிச்சா எப்படி? நான் உங்கப்பாடி இப்போ!” என்று இடுப்பில் கை வைத்து முறைத்தான் டெஸ்மண்ட். வெள்ளைத் துண்டை டாக்டர் கோட்டு மாதிரி போர்த்தியிருந்தான். அதற்குக் கீழே, கம்போட் நகரச் சந்தையில் வாங்கிய கட்டம் போட்ட லுங்கி.

“எங்க மின்னசோட்டாவுல எந்தப் பல் டாக்டரும் லுங்கி கட்டமாட்டாருடா.”

“பனியில விறைச்சுப் போயிடுவாரு, அதான்” என்றாள் ஜோலின். அவள் கட்டிலில் சாய்ந்து, பச்சை மாங்காயை உப்பு மிளகாயில் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் முடிந்து, கல்லூரிக்குப் போகுமுன் உலகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று அமெரிக்காவிலிருந்து கிளம்பிய கூட்டம் அது. தாய்லாந்து, லாவோஸ் என்று சுற்றிவிட்டுக் கம்போடியாவில் முடிகிறது பயணம். மறுநாள் விமானம். மற்றவர்கள் கடைசிக் குளியலுக்கு ஆற்றுக்குப் போய்விட்டார்கள். இந்த மூவர் மட்டும் விடுதி அறையில் தங்கிவிட்டார்கள்; ஊர் திரும்புமுன் இங்ரிட் தன் அப்பாவிடம் விஷயத்தைப் போனில் சொல்லியாக வேண்டும்.

எல்லாம் அந்த ஆற்றங்கரைக் கொட்டகையால் வந்த வினை. மீன்பிடிப் படகுகளைப் பழுது பார்க்கிற இடம். கூட்டத்தோடு ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனவள், அப்புறம் தினமும் போனாள். அவள் கையால் விரிசலை அடைத்துப் பிசின் பூசிய படகு, தண்ணீரில் இறங்கி ஒழுகாமல் நின்றபோது அழுதேவிட்டாள். சொந்த ஊரின் ஏரிக்கரையில் படகு கட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஆனால் வீட்டிலோ, ‘ஹால்வர்சன் அண்டு டாட்டர், பல் மருத்துவமனை’ என்று பெயர்ப்பலகைக்கே சொல்லியாகிவிட்டது. அம்மாவின் ஏற்பாடு.

“அப்போ முதல்ல உங்கம்மாகிட்டதானே பேசணும்?” என்றான் டெஸ்மண்ட்.

“வேற வினையே வேண்டாம்! அம்மா திட்டமாட்டாங்க, அழமாட்டாங்க. சும்மா ‘அப்படியா?’ன்னு ஒரு வார்த்தை கேப்பாங்க. அவ்வளவுதான், எல்லாரும் அடங்கிடுவோம். அப்பாகிட்ட சொல்லிட்டா போதும். அம்மாவை அவர் பார்த்துப்பாரு.”

“எப்படிக் கேப்பாங்க? இப்படியா?” ஜோலின் மாங்காயைக் கீழே வைத்தாள். முதுகை நிமிர்த்தி, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி, “அப்படியா?” என்றாள் சத்தமாக.

இங்ரிட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, அச்சு அசல் எங்கம்மா! இனிமே அப்படிப் பண்ணாதடி.”

“சரி சரி, நேரமாகுது. அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சிருக்கும். கடைசியா ஒருதடவை ஒத்திகை” என்று துண்டை உதறிப் போர்த்திக்கொண்டான் டெஸ்மண்ட். “சொல்லும்மா மகளே, என்ன விஷயம்?”

இந்தமுறை இங்ரிட் சிரிக்கவில்லை.

“அப்பா, உங்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு. சின்ன வயசுல உங்க பக்கத்துல நின்னு பார்ப்பேன். ஒரு பல்லுல ஊசிமுனை ஓட்டையா இருந்தாலும் அவசரப்படமாட்டீங்க, பொறுமையா அடைப்பீங்க. படகுல நான் செய்யறதும் அதேதான். ஆனா… அடுத்தவங்க வாய்க்குள்ள எட்டிப் பார்த்தாலே எனக்குக் குமட்டுதுப்பா. உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரல. என்னை வெறுத்துடாதீங்க.”

டெஸ்மண்ட் டாக்டர் கோட்டின் நுனியால் மூக்கைச் சிந்தினான்.

“போம்மா. போய்ப் படகே கட்டு.”

“டேய்! இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா எப்படி? கொஞ்சமாவது சண்டை போடு!”

“என்னால முடியல. உனக்கு அப்பாவா இருக்கிறது ரொம்பக் கஷ்டம்” என்று துண்டைக் கழற்றி எறிந்தான். “இதே சூட்டோட உண்மையான அப்பாவைக் கூப்பிட்டுடு.”

ஜோலின் கைப்பேசியை எடுத்து அவள் கையில் திணித்தாள். இங்ரிட் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் பெயரை அழுத்தினாள்.

மணி அடித்தது. அவள் காதில் மட்டுமல்ல, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமும் அடித்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மணியும் ஒரே நேரத்தில் நின்றன.

“ஹலோ” என்றது கைப்பேசி. “ஹலோ” என்றது சுவர்.

“அப்பா… எங்க இருக்கீங்க?”

“பக்கத்து ரூம்லதாம்மா. காலையிலதான் வந்து இறங்கி, இந்த ரூமையே கேட்டு வாங்கினேன். திடீர்னு கதவைத் தட்டி உன்னை அசத்தலாம்னு கிளம்பினேன். அதுக்குள்ள நான் உன்னைத் திட்டற சத்தம் எனக்கே கேட்டுது. அப்படியே உட்கார்ந்துட்டேன்.”

இங்ரிட் சுவர்ப் பக்கம் திரும்பினாள். “எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?”

“ஒண்ணு விடாம. நீ தாராளமா படகு கட்டும்மா” என்றவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “அது கிடக்கட்டும். முப்பது வருஷக் குமட்டல் தாங்காம நான் ஆஸ்பத்திரியைப் போன மாசமே வித்துட்டேன். உங்கம்மாவுக்கு இன்னும் தெரியாது; அவ நான் டென்வர்ல பல் டாக்டர் மாநாட்டுல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. உங்கம்மாவா நடிச்சுதே ஒரு பொண்ணு, அதைக் கொஞ்சம் இந்த ரூமுக்கு அனுப்பறியா? நானும் ஒரு ஒத்திகை பார்த்துக்கறேன்!”