நாலாவது சீலம்

"உங்க அண்ணன் உங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொன்னதில்ல தம்பி. நான் வந்து சொன்னதெல்லாம் பொய்."

கொழுந்தன் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. அண்ணன் இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவர் கடைக்குள் தம்பி கால் வைத்தது அன்றுதான். வாடிக்கையாளர்கள் வாங்காமல் விட்டுப்போன கண்ணாடிகளைப் பிரித்து எடுத்துவைக்க அண்ணி கூப்பிட்டிருந்தாள்.

"எதெல்லாம் பொய், அண்ணி?"

"பதினெட்டு வருஷமும்."

மாமனார் காலத்தில் அது ஒரே கண்ணாடிக் கடை. அண்ணன் பார்வை சோதித்து பிரேம் கொடுப்பார்; தம்பி லென்ஸ் தேய்ப்பார். அவள் கல்யாணமாகி வந்த புதிது. "இவனுக்குக் கை ஓடுற அளவுக்கு மூளை ஓடாது" என்று கணவர் ஏதோ எரிச்சலில் சொன்னதை, சோறு போடும்போது வேடிக்கையாகக் கொழுந்தனிடம் சொல்லிவிட்டாள். பஞ்சில் பொறி விழுந்த மாதிரி ஆயிற்று. மூன்றே மாதத்தில் ஒரு கடை இரண்டானது. அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

ஆனால் தொழில் பிரியவில்லை. பிரேம் ஒரு கடையில், லென்ஸ் இன்னொரு கடையில். கண்ணாடிகள் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு நாளுக்கு இருபது தடவை நடப்பது அவள் வேலையானது. லென்ஸோடு வசவும் சேர்ந்து போய் வந்தது.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் ஒரு புத்த பிக்குவின் பேச்சைக் கேட்டாள். இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொல்லிப் பிரிக்காதீர்கள், பிரிந்தவர்களைச் சேர்க்கிற வார்த்தையைப் பேசுங்கள் என்றார். யாரோ தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது போல அவளுக்கு முகம் சிவந்தது. மறுநாள் திங்கட்கிழமை. அன்றிலிருந்து தொடங்கியதுதான் இந்தப் பொய்.

"'நிதானமா தேய்க்கச் சொல்லு, அவன் கைக்கு அவசரம் ஆகாது'ன்னு அண்ணன் சொன்னதா ஒரு தடவை சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கணக்கு டீச்சரோட கண்ணாடி."

"அன்னைக்கு அவர் சொன்னது, 'ஆமைக்குப் பொறந்தவன் இன்னும் தேய்ச்சு முடிக்கலையா'ன்னு."

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா. அது அவருக்குத் தோணலையாக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் லேசா? 'முதல்ல அவர் கண்ணை அவரே சோதிச்சுப் பார்த்துக்கட்டும்'னீங்க. நான் இங்க வந்து, 'கண்ணைப் பாத்துக்கச் சொல்லுங்கன்னு தம்பி ரொம்பக் கவலைப்படறார்'னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"முகத்தைத் திருப்பிக்கிட்டு இழுப்பறையில என்னத்தையோ தேடினார்."

தம்பி துடைத்த கண்ணாடியை உறையில் போட்டு, அடுத்ததை எடுத்தார். ஒரு காதுக்கம்பி ஒடிந்திருந்த குழந்தைக் கண்ணாடி. அது யாருடையது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாண வயசு.

"இந்த வாசல் இறங்கி உங்க வாசல் ஏற பதினாலு அடி" என்றாள் அவள். "அந்தப் பதினாலு அடிக்குள்ள வாக்கியத்தை மாத்தி யோசிச்சாகணும். மழை நாளா இருந்தா நல்லது. குடையை விரிச்சு மடக்கறதுல கொஞ்சம் நேரம் கூடக் கிடைக்கும். அந்த நாளெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. இப்ப தட்டைத் தூக்கிட்டு நடந்தா, கொண்டுபோக ஒரு வார்த்தை இல்ல."

"இத்தனை வருஷம் சொல்லாததை இப்ப ஏன் சொல்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை நூலக மாடியில எல்லாரும் சேர்ந்து அஞ்சு சீலம்னு அஞ்சு உறுதி சொல்வோம். நாலாவது, பொய் சொல்ல மாட்டேங்கறது. அது வரும்போது மட்டும் நான் வாயை மூடிக்குவேன். பதினெட்டு வருஷமா நாலே நாலுதான் சொல்லிட்டு வர்றேன். பிரிக்கிற பேச்சை விடறேன்னு போய், பொய்யில மாட்டிக்கிட்டேன்." "ஆனா உறுத்தறது அது இல்ல. அவரைத் தூக்கிட்டுப் போனப்ப நீங்க தேம்பித் தேம்பி அழுதீங்களே. நான் இட்டுக்கட்டின அண்ணனுக்காகத்தானே அழுதீங்க? அப்படி ஒரு ஆள் இருந்ததே இல்ல தம்பி. உங்களை ஏமாத்திட்டேன்."

தம்பி கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"அண்ணி, ரெண்டு கடைக்கும் நடுவுல இருக்கிறது வெறும் பிளைவுட். அண்ணன் இங்க தும்மினா எனக்கு அங்க கேக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க என் கடையில இருக்கிற வரைக்கும் மெஷின் ஓடும், அதனால உங்களுக்குத் தெரியாது. நீங்க என் வாசலைத் தாண்டினதும் நிறுத்திடுவேன். ஆமை கதையெல்லாம் நீங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே கேட்டாச்சு. நான் மெஷின் சத்தத்துக்கு மேல கத்தினதும் அவருக்குக் கேட்டுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்தான். ரெண்டு வருஷத்துலயே எங்க ரெண்டு பேர் கோவமும் தீர்ந்துபோச்சு அண்ணி. கடைசியா அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, நீங்க மருந்து வாங்கப் போன நேரத்துல நானே கேட்டுட்டேன், 'அப்புறமும் எதுக்குண்ணே திட்டிக்கிட்டே இருந்தே'ன்னு. 'நீ எதுக்குடா திட்டினே? அதுக்குத்தான் நானும். நாம சமாதானமாப் போயிருந்தா, உன்னைப் பத்தி என்கிட்டயும் என்னைப் பத்தி உன்கிட்டயும் இவ சொன்ன நல்லதையெல்லாம் எப்படிடா கேட்டிருக்க முடியும்?'னார்."