ஆறு நாட்டு ஸ்டாம்ப்

"உங்களுக்குச் சூடு சொரணையே இல்லையா?"

மேசையில் கிடந்த ஸ்டாம்ப் தாளைத் தூக்கிக் காட்டினாள் மனைவி. ஆறு நாட்டுக் கொடிகள், நடுவில் திறந்து கிடக்கும் எல்லைக் கதவு. ஆறு நாடுகளும் ஒரே சந்தையாகச் சேர்ந்ததன் நினைவாகத் தபால் இலாகா வெளியிட்டது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் குடைப் பட்டறைக்காரர்.

"நல்லாவா? அந்தக் கதவு திறந்துதான் நம்ம கதவு மூடுச்சு! பக்கத்து நாட்டுக் குடை வரி இல்லாம வந்து பாதி விலைக்குக் குவிஞ்சுது. பட்டறையும் போச்சு, அங்க இருந்தவங்க பிழைப்பும் போச்சு. அதைக் கொண்டாடற ஸ்டாம்பைத் தாள் தாளா வாங்கிட்டு வர்றீங்க!"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அடுத்த வாரமும் வாங்கினார். அதற்கடுத்த வாரமும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேலை இல்லாம உட்கார்ந்தா புத்தி இப்படித்தான் போகும்" என்று தங்கையிடம் போனில் புலம்பித் தீர்த்தாள்.

ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது வாசல் மணி அடித்தது. பட்டறையில் குடைக்குக் கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்த பெண். தோளில் பெரிய பை.

"முதலாளி இல்லையாக்கா? சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பக்கத்து நாட்டுல வேலை கிடைச்சிருக்கு. நம்ம ஆளுங்க எல்லாரும் ஏற்கெனவே அங்கதான்."

"எல்லாருமா? யாரு வாங்கிக் கொடுத்தா?"

"உங்களுக்குத் தெரியாதா? முதலாளிதான்! யாருக்கு எந்த வேலை சுத்தமா வரும்னு ஒவ்வொருத்தருக்காகவும் தனித்தனியா அங்க ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதிப் போட்டுட்டே இருந்தார். எல்லை தாண்டி வேலைக்குப் போக இப்ப தடை இல்லையே."

"எந்தக் கம்பெனி?"

அவள் தயங்கினாள். "நம்மளைச் சாய்ச்ச அதே குடைக் கம்பெனிதான்க்கா."

மனைவியின் முகம் சிவந்தது. "போயும் போயும் அவங்ககிட்டயா கையேந்தினார்?"

"அப்படிச் சொல்லாதீங்க. முன்னாடி போன நம்ம பட்டறைத் தையல்காரர் நேத்துதான் போன்ல சொன்னார். 'மத்தவங்களை எடுத்தாச்சு, மிச்சம் ஒரே ஒரு இடம்தான், மேற்பார்வைக்கு நீங்களே வாங்க'ன்னு முதலாளியைக் கூப்பிட்டாங்களாம்."

"வேண்டாம்னுட்டாரா?"

அந்தப் பெண் தோள் பையை இறக்கி வைத்தாள்.

"'கைப்பிடி பொருத்தற பொண்ணு ஒருத்தி இன்னும் வீட்டுல இருக்கா, அந்த இடத்துக்கு அவளை எடுத்துக்குங்க'ன்னு எழுதிட்டாராம்க்கா."