'இல்லை' என்று வந்த விடைத்தாள்

"இந்தப் பொண்ணு காப்பி அடிச்சிருக்கும்மா. சந்தேகமே வேண்டாம், ரிசல்ட்டை நிறுத்திடுங்க."

தேர்வு அதிகாரி திரையைத் தட்டிக் காட்டினார். அஞ்சல்வழிக் கல்லூரியின் கணக்கியல் தேர்வு. எல்லாரும் அவரவர் இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதியது. முதல் மதிப்பெண் வாங்கியவளின் பெயருக்கு நேரே 'ஜாவாஸ்கிரிப்ட்: இல்லை' என்றிருந்தது.

அப்படி வரும்படி செய்து வைத்ததே எதிரே உட்கார்ந்திருந்த புரோகிராமர்தான். உள்ளே நுழையும் பக்கத்தில் 'இல்லை' என்று ஒரு சொல்லை ஒளித்து வைத்திருந்தாள். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பக்கத்தை இயக்கும் நிரல், ஓடினால் அது 'உண்டு' என்று மாறிவிடும். சர்வர் அதைப் பார்த்து, 'இல்லை' என்று வருகிறவர்களுக்கு மட்டும் அதே கேள்விகளை வெறும் எழுத்தில் தரும் ஓர் எளிய தாளைக் காட்டும்.

"பழைய மெஷின் வச்சிருக்கறவங்களும் எழுதட்டும்னுதான் சார் போட்டேன்."

"நீங்க நல்லதுக்குப் போட்டீங்க. ஆனா கண்காணிக்கறதும் அந்த ஜாவாஸ்கிரிப்ட்தான். எளிய தாள்ல, யார் நடுவுல வேற பக்கத்துக்குப் போய் விடை தேடறாங்கன்னு நமக்குத் தெரியாதே? அது தெரிஞ்சுதான் அதை அணைச்சு வச்சிருக்கா இந்தப் பொண்ணு. கேக்க ஆளில்லன்னா நானும்தான் முதல் மார்க் வாங்குவேன்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனாலும் புரோகிராமருக்கு மனசு கேட்கவில்லை. யாரும் வெளியே நின்றுவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. அதில் நுழைந்ததற்காகவே ஒருத்தி மாட்டிக்கொள்வதா?

"ஒரு வார்த்தை கேட்டுடலாம் சார். போன் நம்பர் இருக்கு."

"கேட்டா மட்டும் ஒத்துக்குவாளா?"

"பதில் சரியில்லன்னா நானே நிறுத்திடறேன்."

"ஸ்பீக்கர்ல போடுங்க. என்ன கதை விடறான்னு நானும் கேக்கறேன்."

கரகரத்த பெண்குரல் ஒன்று எடுத்தது. புரோகிராமர் மாணவியின் பெயரைச் சொன்னாள். "அவளா? இப்பப் பேச முடியாதும்மா. அவ ஜெயில்ல இருக்கா. நான் அங்க வார்டர். இது என் நம்பர்தான்."

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "விளங்கிடுச்சு" என்று முணுமுணுத்தார்.

புரோகிராமர் போனை அருகில் இழுத்துக்கொண்டாள். "பரீட்சை எழுதினப்போ கம்ப்யூட்டர்ல அவங்க எதையாவது அணைச்சாங்களா?"

"அவ எதைம்மா அணைக்கறது? இங்க வெறும் எழுத்துதான் வரும், மத்ததெல்லாம் மேலிடத்துல பூட்டி வச்சிருக்காங்க. வேற காலேஜ் பக்கமெல்லாம் போட்டுப் பார்த்தோம். வெள்ளையாவே நின்னுச்சு. உங்களது ஒண்ணுதான் திறந்துச்சு. யார் செஞ்சாங்களோ, நல்லா இருக்கட்டும்."

அதிகாரி போன் பக்கம் குனிந்தார்.

"அதெல்லாம் சரிங்க. பார்த்து எழுதலைன்னு என்ன நிச்சயம்?"

"முடியற வரைக்கும் நான் பின்னாடியே நின்னேனே சார். கூடக் காவலுக்கு ஆள் இல்லாம கைதியைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார விட மாட்டாங்க."

"ஓ" என்றார் அதிகாரி. குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கு உங்களுக்கு அங்கதான் டியூட்டியா?"

"இல்லைங்க சார். பரீட்சைக்கெல்லாம் ஆள் ஒதுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அவளுக்குக் காவல் நிக்கத்தான் அன்னிக்கு நான் லீவு போட்டேன்."